பள்ளியில் மட்டுமே விளையாடியவர் அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆக முடியுமா?

முடியும். ஆட்டக்காரராகப் பெரிய பெயர் இருந்தால் முதல் கதவு சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். அதன் பிறகு எல்லோரும் கேட்பது, யாரிடம் தொழில் கற்றீர்கள் என்பதைத்தான்.

அங்கே படித்த காலத்தில் எங்கள் பல்கலைக்கழக அணிக்கு மாணவ மேலாளராக இருந்தேன். பகலில் பந்து பொறுக்கிக் கொடுப்பது, தரையில் சிந்திய வியர்வையைத் துடைப்பது. இரவில் அடுத்த எதிரணியின் வீடியோக்களை வெட்டித் தொகுப்பது. உதவிப் பயிற்சியாளர் ஒருவர் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஸ்கிரீன் போட, அதாவது சக வீரரைத் துரத்தும் எதிராளியை மறித்து நிற்க, வருபவனின் பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கச் சொல்வார். சில வாரங்களில், பந்து எங்கே போகும் என்பதை அந்தப் பாதத்தை வைத்தே எங்களால் சொல்ல முடிந்தது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடைக்காது.

டஸ்டி மே இப்படித்தான் வந்தார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பயிற்சியாளர் பாப் நைட்டிடம் மாணவ மேலாளராக இருந்தவர், 2023இல் புளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழக அணியைத் தேசிய அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. டியூக் அணிக்கு ஐந்து தேசியப் பட்டங்கள் வென்று தந்த மைக் ஷஷெவ்ஸ்கியும் அதே நைட்டிடம் ராணுவக் கல்லூரியில் ஆடி, பிறகு இந்தியானாவில் அவருக்கே உதவியாளராக இருந்தவர்தான். டியூக்கில் அவருடைய முதல் மூன்று பருவங்களில் 38 வெற்றி, 47 தோல்வி. இன்றைய நிர்வாகங்கள் அத்தனை பொறுமை காட்டுமா என்பது சந்தேகமே.

வழக்கமான படிகள்: பட்டதாரி உதவியாளர் (மேற்படிப்பு படித்துக்கொண்டே அணிக்கு உதவுபவர்), வீடியோ பொறுப்பாளர், உதவிப் பயிற்சியாளர், பிறகு சிறிய கல்லூரியில் தலைமைப் பொறுப்பு. உதவிப் பயிற்சியாளரின் மதிப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, நல்ல மாணவர்களை அணிக்கு இழுத்துவரும் திறமை. தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் உதவியாளர்களும் பெரும்பாலும் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆகவே கல்லூரியின் பெயரைவிட ஆளைப் பார்த்துச் சேருங்கள்.

பள்ளி வழியும் உண்டு. டான் ஹர்லி நியூவார்க்கில் ஒன்பது ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பயிற்சி அளித்தவர். வாக்னர், ரோட் ஐலண்ட் கல்லூரிகள் வழியாகக் கனெக்டிகட் போய், 2023, 2024 என அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்கள் வென்றார்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் சம்பளம். 1991இல் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ., கடைநிலைப் பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் தரக் கூடாது என்று விதி போட்டது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடர்ந்து வென்றார்கள். 1999இல் 5.45 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. இருந்தும் கீழ்ப்படிகளில் சொற்பச் சம்பளமும் இலவச உழைப்பும் தொடர்கின்றன. பிராட் ஸ்டீவன்ஸ் 2000இல் எலி லில்லி மருந்து நிறுவன வேலையை விட்டு பட்லர் பல்கலைக்கழக அணியில் தன்னார்வலராகச் சேர்ந்தார். ஏழே ஆண்டுகளில் தலைமைப் பயிற்சியாளர். ஆனால் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய ஓர் இளைஞரால் அப்படித் துணிய முடியாது. திறமையுள்ள எத்தனையோ பேரை இந்த முதல் படியே விலக்கிவிடுகிறது.

நீங்கள் இன்னும் மாணவர் என்றால், பருவம் தொடங்கும் முன்பே அணி அலுவலகத்துக்குப் போய் மேலாளர் வேலை கேளுங்கள். படிப்பு முடிந்திருந்தால், கல்லூரிப் பயிற்சியாளர்கள் நடத்தும் கோடை முகாம்களில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு எழுதிப்போடுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்கும் விதத்தைப் பயிற்சியாளர்கள் நேரில் பார்ப்பது அங்கேதான்.