குழி ரோட்டுக்கு எந்த டயர்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஸ்விஃப்ட் டாப் மாடல் வைத்திருக்கிறேன். கம்பெனியில் இருந்து வந்த 15 இன்ச் அலாய் (அலுமினியக் கலவை ரிம்), 185/65 டயர். இதைக் கழற்றிவிட்டு 17 இன்ச் அலாயும் 205/45 டயரும் போட்டால் அகலம் கூடும், குழியில் நன்றாகத் தாங்கும் என்று மதுரையில் ஒரு கடைக்காரர் சொல்கிறார். நான் தினமும் ஓட்டுவது கேணிக்கரை, அரண்மனைப் பக்கம், தோண்டி மூடிய ரோட்டில். போடலாமா?
- வாசகர், ராமநாதபுரம்

பதில்: போடாதீர்கள். குழியில் தாங்குவது டயரின் அகலம் இல்லை, பக்கச்சுவரின் உயரம். உங்கள் டயரில் உள்ள எண்ணையே கணக்குப் போட்டுப் பாருங்கள்: 185 என்பது அகலம், மில்லிமீட்டரில், அதில் 65 சதவீதம் பக்கச்சுவர், அதாவது 120 மில்லிமீட்டர். கடைக்காரர் சொல்லும் 205/45-ல் அதே கணக்குக்கு 92தான் வரும். மொத்த விட்டம் பழையதற்கு 622, புதியதற்கு 616, ஆக வண்டி ஒரு துளிகூட உயராது, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பரில்தான் மூன்று சென்டிமீட்டர் போய்விடும். வேடிக்கை என்னவென்றால், உங்கள் ஸ்விஃப்டின் கீழ் மாடலில் 165/80, 14 இன்ச் இரும்பு ரிம் வருகிறது. அதன் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர். விலை குறைந்த மாடல்காரர்தான் உங்கள் ஊர் ரோட்டுக்குப் பொருத்தமான சக்கரத்தோடு சுற்றிக்கொண்டிருக்கிறார்!

குழியில் என்ன நடக்கிறது என்றால், குழியின் எதிர்விளிம்பு டயரை உள்ளே அமுக்குகிறது. காற்றும் பக்கச்சுவரும் போதுமான அளவு இருந்தால் அதோடு சரி. போதாவிட்டால் ரிம்மின் ஓரத்துக்கும் ரோட்டின் ஓரத்துக்கும் நடுவில் டயர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும். வெளியே கீறல்கூடத் தெரியாது, சில நாளில் அந்த இடம் கொப்புளம் மாதிரி வீங்கும். இன்னும் பலமான அடி என்றால் அது ரிம்முக்கே போகும். இரும்பு ரிம் வளையும், பட்டறையில் பெண்ட் எடுத்துவிடலாம். வார்ப்பு அலாய் கொஞ்சம் வளைந்தால் நிமிர்த்தலாம், விரிசல் விட்டால் வெல்டிங் வைத்து ஓட்ட நினைக்காதீர்கள், மாற்றுவதுதான் வழி.

இன்னொரு எண்ணும் இருக்கிறது, கடையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உங்கள் டயரில் 185/65 ஆர்15-க்குப் பிறகு 88 என்று இருக்கும், அது ஒரு டயர் 560 கிலோ சுமக்கும் என்பதற்கான குறியீடு. 205/45 ஆர்17-ல் 84 என்று போட்ட டயர்களும் விற்கின்றன, அது 500 கிலோ. அகலமான டயர் கூடுதலாகச் சுமக்கும் என்று நினைப்போம், இங்கே நேர்மாறு.

கையில் காசு இருந்து செலவழித்தே தீருவேன் என்றால், 15 இன்ச் ரிம்மை அப்படியே வைத்துக்கொண்டு நல்ல 185/65 டயர் நான்கு வாங்குங்கள். 195/65 போடுகிறவர்களும் இருக்கிறார்கள், பக்கச்சுவர் 127 கிடைக்கும், ஸ்பீடாமீட்டர் இரண்டு சதவீதம் குறைத்துக் காட்டும். ஆனால் ஐந்து பேர் ஏறி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே எங்கும் உரசக் கூடாது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். என்னைக் கேட்டால் தேவையில்லை.

அப்புறம் காற்று. குழி ரோடு, கொஞ்சம் குறைவாக வைத்தால் மெத்தென்று போகும் என்று சிலர் சொல்வார்கள். மெத்தென்றுதான் போகும், டயரும் சீக்கிரம் போகும், மேலே சொன்ன நசுங்கல் காற்றுக் குறைந்த டயரில்தான் அதிகம். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருப்பதை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் பார்த்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் குழியின் ஆழம் யாருக்கும் தெரியாது. முன்கூட்டியே பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், இறங்கும் நொடியில் பிரேக்கில் இருந்து காலை எடுத்துவிடுங்கள். பிரேக்கோடு இறங்கினால் முன்பக்கம் ஏற்கெனவே அமுங்கி இருக்கும், ஸ்பிரிங்குக்கு வேலை செய்ய இடம் இருக்காது.

கேள்வி: என் கணவர் துபாயில் இருக்கிறார். கார் பெரும்பாலும் வீட்டில்தான் நிற்கிறது. டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படும் மேட்டுக் கட்டைகள், புதுசு மாதிரி இருக்கிறது. அவர் வரும்போது மதுரை விமான நிலையத்துக்கு இதிலேயே போகலாமா? டயர் வாங்கி ஏழு வருடம் ஆகிறது.
- வாசகி, கீழக்கரை

பதில்: முதலில் டயரின் பக்கவாட்டில் 'டிஓடி' என்ற எழுத்துகளோடு வரும் எண்ணைத் தேடுங்கள், கடைசி நான்கு இலக்கம்தான் டயர் பிறந்த தேதி. 2318 என்று இருந்தால் 2018-ம் வருடம் 23-வது வாரம். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் இருக்கும். நீங்கள் வாங்கியதற்கு முன்பே அது கடையில் எத்தனை நாள் கிடந்ததோ, அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டன் தேய்ந்தால் ஓடியது என்று அர்த்தம், ரப்பருக்கு வயது ஓடாமலேயே ஏறும். உங்கள் ஊர் வெயிலில் நின்ற டயரின் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் கோடு கோடாகத் தெரியும், பட்டனின் அடிப்பள்ளத்திலும் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மதுரை வரை நூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் நல்ல ரோட்டில் வேகம் பிடித்து, இந்த டயரில் போக வேண்டாம். வெடிப்பு இல்லை என்றாலும் ஏழு வருட டயரை நல்ல டயர் கடையில் ஒரு தடவை கழற்றி உள்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள், அதற்கும் அதே வயது. மாற்றிய பிறகு வண்டியை நிழலில் நிறுத்துங்கள், வாரத்துக்கு ஒரு தடவையாவது தெருவைச் சுற்றி வாருங்கள், ஒரே இடத்தில் அமுங்கி நிற்கும் டயர் அந்த இடத்தில் தட்டையாகிவிடும்.

கேள்வி: முன் டயரில் கோலிக்குண்டு அளவு வீக்கம். உள்ளே பேட்ச் வைத்தால் ஓடும் என்கிறார் பஞ்சர் கடைக்காரர்.
- வாசகர், தொண்டி

பதில்: ஓடாது. பக்கச்சுவர் வீக்கத்துக்குப் பேட்ச் கிடையாது, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு நேராக டயர் கடைக்குப் போங்கள். கருவேல முள் பட்டனில் குத்தியதற்குத்தான் பஞ்சர் வைத்தியம்.

கேள்வி: அண்ணே, டாடா ஏஸில் மீன் பெட்டி ஏற்றுகிறேன். பின் டயர் அடிக்கடி போகிறது. ஆல்டோ டயரும் 145, 12 இன்ச்தான், விலையும் குறைச்சல். அதைப் போட்டால் என்ன? ரிம்மும் துருப் பிடித்து ஓரத்தில் காற்று இறங்குகிறது.
- வாசகர், மண்டபம்

பதில்: அளவு ஒன்றாக இருக்கலாம், சுமக்கும் தெம்பு வேறு. ஆல்டோவின் 145/80 ஆர்12 டயரில் 74 என்று இருக்கும், அது 375 கிலோ. ஏஸுக்கு வரும் 145 ஆர்12 எல்.டி. 8 பி.ஆர். டயர் அதைவிட நிறையவே தாங்கும். எல்.டி. என்றால் சிறு சரக்கு வண்டிக்கானது, 8 பி.ஆர். என்பது டயரின் வலுவைச் சொல்லும் குறியீடு. பாம்பன் பாலம் இறங்கி வரும்போது ஐஸும் மீனுமாக நிறைந்த வண்டியில் ஆல்டோ டயர் சூடேறிக் கிழிந்தால், போவது மீன் மட்டும் இல்லை. டயரில் எல்.டி. என்ற எழுத்தும் 8 பி.ஆர். என்பதும் இருந்தால்தான் வாங்குங்கள். பின் டயர் அடிக்கடி போவதற்கு முதல் காரணம் சுமை, இரண்டாவது காற்று. சுமை வண்டிக்குக் காருக்கு வைக்கிற காற்று பத்தாது, கம்பெனி சொன்ன அளவை லோடு ஏற்றும் முன்பே வையுங்கள்.

ரிம் விஷயத்துக்கு வருவோம். பெட்டியில் இருந்து வடியும் ஐஸ் தண்ணீரில் உப்பு இருக்கிறது, கடல் காற்றிலும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து டயர் உட்காரும் ஓரத்தைத் தின்கிறது. அந்த ஓரம் சொரசொரப்பானால் ட்யூப்லெஸ் டயர் ஒட்டி உட்காராது. டயரைக் கழற்றும்போதே அந்த ஓரத்தைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தமாகத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் காய்ந்த பிறகு மாட்டச் சொல்லுங்கள். துரு ஆழமாகத் தின்று குழி விழுந்திருந்தால் ரிம்மை மாற்றிவிடுங்கள். சந்தையில் பெட்டியை இறக்கியதும் பின் சக்கரங்களில் உள்ளும் புறமும் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அது வேண்டாம். நட்டுகளையும் அவ்வப்போது ஒரு தடவை கழற்றி மாட்டி வையுங்கள், துரு இறுகிவிட்டால் நடுரோட்டில் பஞ்சர் ஆகும் இரவில் நட்டு அசையாது.