கேள்வி – பதில்: மிதவையில் கட்டும் போர்டுக்கு எந்தக் கிரிஸ்டல்?

கே: கடற்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவையில் கட்டுவதற்காக, கடல்நீரின் வெப்பநிலையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் சின்ன போர்டு செய்கிறேன். ஏடிமெகா328பி சிப் (நிரல் எழுதி ஓட்டும் மைக்ரோகண்ட்ரோலர்), இரண்டு ஏஏ பேட்டரி. எடையும் மின்செலவும் குறைவாக இருக்க வேண்டும். சிப்புக்குத் தாளம் போடும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் கேட்டதற்குக் கடையில் உயர டப்பி, குட்டை டப்பி, சின்னக் குழாய் என்று மூன்றை எடுத்து வைத்தார்கள். எதை வாங்க? – வாசகர், மண்டபம்

ப: குழாயை. ஆனால் அது 16 மெகாஹெர்ட்ஸ் இல்லை, 32.768 கிலோஹெர்ட்ஸ், கைக்கடிகாரத்தில் இருப்பது. டப்பிகள் இரண்டும் இந்த வேலைக்கு வேண்டாம். 16 மெகாஹெர்ட்ஸில் ஓட இந்தச் சிப்புக்கு ஏறக்குறைய 3.8 வோல்ட் தேவை. உங்கள் பேட்டரி புதிதிலேயே 3 வோல்ட்தான், தேயத் தேய 2 வோல்ட்டுக்கு வந்துவிடும். அந்த நிலையிலும் 1 மெகாஹெர்ட்ஸில் தாராளமாக ஓடும். புதுச் சிப் உள்ளிருக்கும் ஆசிலேட்டரில் (தாளம் எழுப்பும் சுற்றில்) அதே 1 மெகாஹெர்ட்ஸில்தான் வருகிறது, ஃபியூஸைத் (எந்தத் தாளத்தில் ஓடுவது என்று சிப்புக்குள் பதியும் அமைப்பைத்) தொட வேண்டியதில்லை. அர்டுயினோ போர்டிலிருந்து பிடுங்கிய சிப் என்றால் ஃபியூஸ் வெளிக் கிரிஸ்டலுக்கு மாற்றப்பட்டிருக்கும்; பழைய போர்டில் இருக்கும்போதே திருப்பி எழுதிவிடுங்கள்.

குழாயை 9, 10ஆம் கால்களில் இணையுங்கள். சிப்புக்குள் இருக்கும் டைமர் 2 என்ற எண்ணியை அதில் ஓட்டி 1024ஆல் வகுத்தால் 8 விநாடிக்கு ஒருமுறை நிரம்பும். 75 முறை நிரம்பினால் பத்து நிமிடம். இடையில் சிப் தூங்கட்டும். மின்சாரம் கொடுத்ததும் கிரிஸ்டல் நிலைக்கு வர ஒரு விநாடி விட்டுவிட்டு எண்ணத் தொடங்குங்கள்.

வாங்கும்போது முக்கியமாகக் கேட்க வேண்டியது லோட் கெப்பாசிட்டன்ஸ், அதாவது சரியான வேகத்தில் ஓடக் கிரிஸ்டல் எதிர்பார்க்கும் கெப்பாசிட்டர் அளவு. பலரும் பிபிஎம்மை (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பிசகும் என்ற கணக்கை) மட்டும் பார்த்து இதை விட்டுவிடுகிறார்கள். இந்தச் சிப்பின் உள்ளேயே ஒரு காலில் 18, இன்னொரு காலில் 8 பிகோஃபாரட் இருக்கிறது. தொடரில் சேர்த்தால் சுமார் 5.5, போர்டின் தடங்களில் ஒன்றோ சொச்சமோ கூடும். ஆகவே 6.5 பிகோஃபாரட் குழாய்க்கு வெளிக் கெப்பாசிட்டரே வேண்டாம். எங்கும் எளிதில் கிடைப்பது 12.5 பிகோஃபாரட் வகை. அதற்கு உள்தடை 30 கிலோ ஓமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேசையில் ஓடும், மிதவையில் சண்டித்தனம் பண்ணும்.

20 பிபிஎம் என்றால் நாளுக்கு 1.7 விநாடி பிசகு. 25 டிகிரியிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் குழாய் மெதுவாகத்தான் ஆகும். வெயிலில் டப்பா 45 டிகிரிக்கு ஏறினால் நாளுக்கு இன்னும் 1.2 விநாடி பின்தங்கும். மாதத்துக்கு ஒன்றரை நிமிடம் என்று வையுங்கள், நீர் வெப்பநிலைப் பதிவுக்கு இது பெரிதல்ல. ஓதநேரத்தோடு மாதக்கணக்கில் ஒப்பிட வேண்டுமானால் டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப்பைப் போடுங்கள், ஆண்டுக்கு இரண்டு நிமிடத்துக்குள் நிற்கும், ஆனால் 2.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது.

குழாயின் கால்களைக் கண்ணாடி அடைப்பை ஒட்டி மடிக்காதீர்கள், விரிசல் விடும். உடம்பில் ஈயம் வைக்கவே கூடாது.

கே: இதே மாதிரி போர்டு. இரவில் நின்றுபோகிறது, வெயில் ஏறியதும் தானே ஓடுகிறது. கிரிஸ்டலை மாற்றியும் அப்படியே. – வாசகர், தொண்டி

ப: கிரிஸ்டல் மேல் குற்றமில்லை. வாடைக் காற்றில் வரும் உப்பு கால்களுக்கிடையே படலமாகப் படிந்திருக்கும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானே நீர் கோத்துக்கொள்ளும். கடிகாரக் கிரிஸ்டலின் சுற்று மெகா ஓம் கணக்கில் ஓடுவது, அந்தச் சிறு கசிவே அதை அமுக்கிவிடும். ஓடும்போது வாயால் ஊதிப் பாருங்கள். நின்றால் சந்தேகமே வேண்டாம்.

ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் மட்டும் துடைத்தால் ஃப்ளக்ஸ் (ஈயம் வைக்கும்போது படியும் பசை) போகும், உப்பு போகாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, முதலில் காய்ச்சி வடித்த நீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவி, பிறகு ஆல்கஹால். நன்றாகக் காய்ந்ததும் கிரிஸ்டல் கால்கள், சிப் கால்கள் மேல் அக்ரிலிக் பூச்சு இரண்டு கை. அல்ட்ராசானிக் தொட்டியில் போடாதீர்கள், குழாய்க்குள் இருக்கும் கவை வடிவக் கிரிஸ்டல் உடையும். டப்பாவை அடைக்கக் காடி வாசம் அடிக்கும் சிலிகான் வேண்டாம். அதில் வெளியாகும் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

கே: சிப்பை 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி, ஜிபிஎஸ் மாட்யூலை விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் படித்தால் குப்பை எழுத்துகள். துல்லியமான கிரிஸ்டல் போட்டால் சரியாகுமா? – வாசகர், கீழக்கரை

ப: ஆகாது. 8 மெகாஹெர்ட்ஸை எப்படி வகுத்தாலும் 115200 வராது, 3.5 சதவீதம் விலகும். மாட்யூலை 9600க்கு மாற்றுங்கள், பிழை 0.2 சதவீதம்தான், அதற்குக் கிரிஸ்டலுக்குப் பதில் மூன்று கால் செராமிக் ரெசனேட்டரே போதும், கெப்பாசிட்டர்கள் உள்ளேயே இருக்கும். 115200தான் வேண்டும் என்றால் 7.3728 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், மின்சாரம் 2.7 வோல்ட்டுக்குக் குறையாமல்.