தவிடுபொடி

கேள்வி: நூறு வருடங்களுக்கு முன் நம் ஊர்களுக்கு வந்த இயந்திரங்களிலேயே பெண்களின் பாட்டைக் குறைத்தது அரிசி மில்தான் என்கிறேன். உரல், உலக்கை எல்லாவற்றையும் தவிடுபொடியாக்கிவிட்டதே! இயந்திரம் என்றாலே முகம் சுளிக்கும் நீங்கள் இதையாவது ஒப்புக்கொள்வீர்களா?
– ஒரு வாசகி, குடவாசல்

பதில்: ஒப்புக்கொள்கிறேன். விடியும் முன் எழுந்து உலக்கை பிடித்த பாட்டியின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தவன் நான். மரப்பட்டை மாதிரி இருக்கும். அந்த வேலையை ஓர் இயந்திரம் வாங்கிக்கொண்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் தவிடுபொடி என்று எழுதிவிட்டீர்களே, அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. தவிடு என்றால் நமக்கு எப்போதுமே இளக்காரம். என் பெரியப்பா தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. அவருக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அதனால் பிறந்த கையோடு அவரைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு அளந்து திரும்ப வாங்கினார்களாம். இவ்வளவு மலிவான பிள்ளையை எமன் சீண்ட மாட்டான் என்ற நம்பிக்கை. பெரியப்பா எண்பத்து நான்கு வயது வரை இருந்தார்.

அந்த மலிவுச் சரக்கில்தான் உயிர் இருந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது மில் வந்த பிறகு. நம் ஊர்களில் ஓடிய ஹல்லர் என்ற அரிசி மில் இயந்திரம், பிரேசிலில் காப்பிக்கொட்டையின் தோலை உரிப்பதற்காக உருவானது. அதில் நெல்லைப் போட்டால் உமியோடு தவிடும் போய் முத்து மாதிரி அரிசி விழும். உலக்கை எவ்வளவு குத்தினாலும் அரிசியில் கொஞ்சம் தவிடு ஒட்டிக்கொண்டிருக்கும். மில்லுக்கு அந்த இரக்கம் கிடையாது. வெள்ளை அரிசி போன இடமெல்லாம் பெரிபெரி என்ற நோயும் கூடவே போனது. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயம் நிற்கும். பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) ஐக்மான் என்ற டச்சு மருத்துவர், வெள்ளை அரிசி தின்று நோயுற்ற தன் கோழிகளை வைத்து இதை முதலில் மோப்பம் பிடித்தார். 1929இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கோழிக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியம் மலாயாக் கதை.

அங்கே ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த வெள்ளைப் பச்சரிசியைத் தின்று கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலில், அவர்களைப் போலவே ஏழைகளான, ஆனால் புழுங்கல் அரிசி தின்ற தமிழ்க் கூலிகளுக்கு அந்த நோய் அநேகமாக இல்லை. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து அரிசியின் மேல் பழி போட்டார். வில்லியம் ஃப்ளெட்சர் என்ற இன்னொரு மருத்துவர் நம்பவில்லை. 1905 கடைசியில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து, ஒற்றைப்படை எண்காரர்களுக்குச் சயாம் அரிசி, இரட்டைப்படை எண்காரர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி என்று பிரித்தார். கட்டடத்தின் குற்றமோ என்று பாதியில் இரு கூட்டத்தையும் இடம் மாற்றியும் பார்த்தார். வெள்ளை அரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் தின்றவர்களில் ஒருவர்கூட அந்த நோயால் சாகவில்லை.

என்ன நடந்தது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் எந்த மில் தீட்டினாலும் முழுதாக எடுத்துப் போக முடியாது. அந்தச் சத்துக்கு தயமின் என்ற பெயரெல்லாம் வெகு பிற்பாடு வந்தது. அண்டாவில் நெல் அவித்து, களத்தில் காயப்போட்டு, ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தே பதம் சொன்ன பெண்களுக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. கடல் தாண்டிப் போன கூலிகளின் உயிரைக் காத்தது அந்தக் கைப்பக்குவம். சென்னை மாகாணத்திலேயே பச்சரிசி பழகிய வட சர்க்கார் மாவட்டங்களில் (இன்றைய ஆந்திரக் கடலோரம்) பெரிபெரி இருந்தது. புழுங்கல் தின்ற நம் பக்கம் அது அபூர்வம்.

இரண்டு வருடம் முன்பு இதே பக்கத்தில் ஒருவர், புழுங்கல் அரிசி நாறும், விருந்தாளிக்குப் போடும் சோறா அது என்று எழுதியிருந்தார். அன்றைக்கு இடமில்லாமல் விட்டேன். இன்று சொல்கிறேன்: அது நாற்றமில்லை ஐயா, நெல் ஊறிய வாசனை. இலையில் வெள்ளையாக விழுந்தால்தான் மரியாதை என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்னொன்று. நெல் குத்துவது வீட்டு வேலை மட்டும் இல்லை, பல பெண்களுக்குக் கூலி வேலையும்கூட. முறத்தோடு போய் நொய்யும் தவிடும் கூலியாக வாங்கி வந்தவர்கள் உண்டு. மில் வந்ததும் உங்கள் வீட்டு அம்மாவுக்கு ஓய்வு, கூலிக்குக் குத்திய அம்மாவுக்கு அடுப்பு எரியவில்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934இல் காந்தி தொடங்கிய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியபோது கைக்குத்தல் அரிசிக்காக வாதாடியது இதற்காகவும்தான். அவரைப் பழைமைவாதி என்று ஒதுக்கியவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

எங்கள் தெரு அரிசிக் கடையில் ஒரே ஒரு தடவை பாலிஷ் போட்ட புழுங்கல் கேட்டால், “அதை யார் சார் வாங்குறாங்க?” என்கிறார்கள். உங்கள் குடவாசல் பக்கம் பழைய ஹல்லர் மில் ஏதாவது இன்னும் ஓடுகிறதா? ஒரு தீட்டோடு நிறுத்தித் தருவார்களா? விசாரித்து எழுதுங்கள். நானே வந்து ஒரு மூட்டை வாங்கிக்கொள்கிறேன்.