ராபினும் அறுந்த கயிறும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேட்மேனின் கூட்டாளி ராபினை எனக்கு அறிமுகப்படுத்தியது 1995-இல் வந்த ‘பேட்மேன் ஃபாரெவர்’ திரைப்படம். அதில் அவன் குடும்பத்தைக் கொல்பவன் டூ-ஃபேஸ் என்ற வில்லன். கார்ட்டூனில் பார்த்தால் கொலைகாரன் வேறொருவன். மூலக்கதை எது? ஒரு சிறுவனை இவ்வளவு ஆபத்துக்குள் இழுத்துவிடுவதை அந்தக் கதை எப்படி நியாயப்படுத்துகிறது? இதைக் கேட்க ஒரு காரணம் உண்டு. நானும் ஒரு சித்திரக்கதை எழுதுகிறேன். நாயகனுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு கூட்டாளி. அவனுடைய பெற்றோர் கடையில் பிடித்த தீயில் இறக்கிறார்கள், நாயகன் அவனை எடுத்து வளர்த்துப் பயிற்சி தருகிறான். தீவிபத்துக் காட்சி நன்றாக வந்திருக்கிறது என்று படித்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பிறகு பையன் கதையில் ஒட்டவே மாட்டேன் என்கிறான். கோளாறு எங்கே?

ம.

அன்புள்ள ம.,

மூலக்கதை ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 38-ஆம் இதழில் இருக்கிறது. அட்டையில் உள்ள தேதி ஏப்ரல் 1940. பேட்மேனே அந்தப் பத்திரிகையின் 27-ஆம் இதழில், மே 1939-இல்தான் அறிமுகமாகியிருந்தார். கதை பில் ஃபிங்கர். படம் பாப் கேன், அவரிடம் உதவியாளராக இருந்த ஜெர்ரி ராபின்சன். ராபின் என்ற பெயரைச் சொன்னவர் ராபின்சன். பலரும் நினைப்பதுபோல அது பறவையின் பெயர் அல்ல, ராபின் ஹூட்டிலிருந்து எடுத்தது. உடைக்கும் ராபின் ஹூட் கதைப் புத்தகத்துக்கு என். சி. வயத் தீட்டிய ஓவியங்களே முன்மாதிரி. ஃபிங்கருக்கு இருந்ததோ வேறொரு தேவை. தனியாக அலையும் துப்பறிவாளனுக்குப் பேச ஆள் கிடையாது, யோசிப்பதையெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. ஹோம்ஸுக்கு வாட்சன் இருப்பதுபோல இவருக்கும் ஒருவர் வேண்டும் என்று அவர் நினைத்தார்.

கதை இதுதான். ஹேலி சர்க்கஸில் ஜான், மேரி, பின்னால் ராபின் ஆகப்போகும் மகன் டிக் மூவரும் ‘பறக்கும் கிரேசன்கள்’ என்ற பெயரில் பார் ஆடுகிறார்கள். பாஸ் ஸூக்கோ என்ற ரவுடியின் ஆட்கள் முதலாளி ஹேலியிடம் மாமூல் கேட்கிறார்கள். அவர் மறுக்கிறார். அன்றைய ஆட்டத்தில் கயிறு அறுந்து தாயும் தகப்பனும் விழுந்து இறக்கிறார்கள். கயிற்றில் அமிலம் தடவியிருந்தது. இப்போதாவது கொடுப்பாயா என்று அந்த ஆட்கள் ஹேலியை மிரட்டுவது டிக்கின் காதில் விழுகிறது. போலீசுக்கு ஓடப் பார்க்கும் பையனைப் பேட்மேன் தடுக்கிறார். ஊரே ஸூக்கோவின் கையில் இருக்கிறது, நீ வாய் திறந்தால் ஒரு மணி நேரம்கூட உயிரோடு இருக்கமாட்டாய் என்கிறார்.

அமிலம் தடவிய கயிறு முன்பே அறுந்திருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் ஃபிங்கரின் தேர்வு மிகச் சரியானது. சணல், பருத்தி போன்ற நார்க்கயிற்றின் உடம்பு செல்லுலோஸ். அமிலம் அதன் சங்கிலிகளை மெல்ல மெல்ல உடைக்கிறது. பார்வைக்குக் கயிறு கயிறாகவே இருக்கும், பலம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அசையாமல் தொங்கும் ஆளை அது தாங்கிவிடலாம். ஊஞ்சல் ஆடும்போது கணக்கு மாறுகிறது. கயிறு செங்குத்திலிருந்து 60 பாகை விலகிய நிலையில் தொடங்கி ஆடினால், ஊஞ்சல் அடிப்புள்ளியைக் கடக்கும்போது கயிற்றில் விழும் இழுவை உடல் எடையைப்போல் 2 மடங்கு. 90 பாகையிலிருந்து என்றால் 3 மடங்கு. தலைகீழாகத் தொங்கும் கேட்சர், பறந்து வருபவரைப் பிடித்துவிட்டால் அந்த ஊஞ்சலில் இரண்டு பேருடைய எடை. ஆகவே ஏறும்போது தாங்கிய கயிறு, பிடித்து ஆடும்போது அறும். கூட்டம் கைதட்டுகிற கணமும் அதுதான். இதே கதையை இன்று எழுதுவதானால் அமிலம் சரிவராது. ட்ரபீஸ் என்ற இந்தப் பார் ஆட்டத்தில் இப்போது பெரும்பாலும் எஃகு வடக்கம்பிதான் கட்டுகிறார்கள். கம்பியை மேலே மாட்டும் கொக்கியிலோ, அதன் ஆணியிலோ கைவைத்ததாக எழுதவேண்டும்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சத்தியம், பிறகு சில மாதப் பயிற்சி. பேட்மேன் தன்னைத் தயார்செய்துகொள்ள ஆண்டுக்கணக்காகிறது, டிக்குக்கு மாதங்கள் போதுமாக இருக்கிறது. வாசகர் இதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறார், ஏனென்றால் உயரத்துக்கு அஞ்சாத மனமும், அரை விநாடி பிசகாத கணிப்பும், விழும்போது உடம்பை மடக்கும் வித்தையும் பையனிடம் ஏற்கெனவே உண்டு. பேட்மேன் கூடுதலாகக் கற்றுத்தருவது குத்துச்சண்டையும் ஜுஜுட்சுவும் மட்டும். டிக் செய்தித்தாள் விற்கும் பையனாக வேடமிட்டு ஸூக்கோவின் ஆளைப் பின்தொடர்கிறான். கடைசிச் சண்டை கட்டி முடியாத உயர்ந்த கட்டடத்தின் இரும்பு உத்திரங்களின் மேல் நடக்கிறது. மற்றவர்களுக்கு அது மரண பயம், டிக்குக்கோ சொந்த வீடு. வாக்குமூலத்தில் கையெழுத்திட்ட தன் அடியாளை ஸூக்கோ கீழே தள்ளுகிறான். ராபின் அதைப் புகைப்படம் எடுத்துவிடுகிறான். ஸூக்கோவுக்கு மின்சார நாற்காலி.

நான் மிகவும் மதிப்பது இந்த முடிவை. பேட்மேனின் பூர்வகதை 1939 நவம்பரில் இரண்டே பக்கத்தில் வந்தது. அவருடைய பெற்றோரைக் கொன்றவனுக்கு அதில் பெயர்கூடக் கிடையாது. ஜோ சில் என்ற பெயர் வர 1948 ஆயிற்று. அவருடைய கணக்கு தீராதது. ராபினின் கணக்கு அதே இதழில் தீர்ந்துவிடுகிறது. சர்க்கஸுக்குத் திரும்பிப் போகலாமே என்ற பேச்சு வரும்போது, இதிலேயே இருக்கிறேன் என்று பையன்தான் சொல்கிறான். ஆறாத காயத்தோடு அலைபவனின் பக்கத்தில், காயம் ஆறியவன் ஒருவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அந்த இருவருக்கும் நடுவே உள்ள வெளிச்ச வேறுபாடுதான் இத்தனை ஆண்டுகளாக அந்த இணையை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் பார்த்த படத்தில் இந்த ஆணி கழன்றுவிட்டது. டூ-ஃபேஸ் சர்க்கஸுக்கு வருவதே பேட்மேன் யார் என்று தெரிந்துகொள்வதற்காக. குடும்பத்தின் சாவு பேட்மேன் சண்டையின் பக்க விளைவாகிவிடுகிறது. பையனுக்கென்று தனியாக ஒரு எதிரி இல்லை. அவனும் பையனாக இல்லை, வளர்ந்த இளைஞன். பாதுகாவலர் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. 1993-இன் கார்ட்டூனில், ‘ராபின்ஸ் ரெக்கனிங்’ என்ற இரண்டு பாகக் கதையில், ஸூக்கோ தப்பி, ஆண்டுகள் கழித்து அகப்படுகிறான். அது வேண்டுமென்றே மாற்றியது, சரியாகவும் வந்திருக்கிறது. எம்மி விருது அதற்குத் தகும்.

வெறும் நகல் எப்படி இருக்கும் என்று பார்க்க 1983-க்குப் போகலாம். இரண்டாவது ராபினான ஜேசன் டாட்டும் சர்க்கஸ் பிள்ளை, பெற்றோரும் பார் ஆடுபவர்கள், அவர்களைக் கில்லர் க்ராக் கொல்கிறான். பெயரையும் வில்லனையும் மாற்றினால் முதல் கதை. 1987-இல் அதை அழித்துவிட்டு, பேட்மேனின் காரிலேயே சக்கரத்தைக் கழற்றும் தெருப்பையனாக எழுதினார்கள். நல்ல அறிமுகம், கைத்தொழிலும் துணிச்சலும் ஒரே காட்சியில் தெரிந்துவிடுகின்றன. இருந்தும் 1988-இல் ஜேசன் பிழைப்பதா சாவதா என்று வாசகர்கள் தொலைபேசியில் வாக்களித்தபோது அவன் சாகட்டும் என்றவர்கள் 5,343, வாழட்டும் என்றவர்கள் 5,271. மூன்றாவது ராபின் டிம் டிரேக் வந்த விதம் அழகு. கிரேசன்கள் விழுந்த அன்று அவன் அந்தக் கூடாரத்தில் இருந்த சின்னக் குழந்தை. பிற்பாடு ராபின் அடித்த நான்கு சுற்றுக் குட்டிக்கரணத்தைப் பார்த்து, இது டிக் கிரேசன்தான் என்று தானே கண்டுபிடிக்கிறான்.

பொறுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் கதை போலீஸ் என்ற கதவை ஒரே வசனத்தில் சாத்திவிட்டுப் போய்விடுகிறது, அதற்கு மேல் கவலைப்படவில்லை. சட்டப்படி யார் பொறுப்பு என்பதைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பேட்மேன் 20-ஆம் இதழில் (1943-44) டிக்கின் சித்தப்பா என்று ஒருவர் நீதிமன்றம் போய்ப் பையனைக் கூட்டிப் போகிறார், பிறகு திருப்பித் தரப் பணம் கேட்கிறார். டிக் வெகுகாலம் பேட்மேனின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைதான். முறைப்படி தத்தெடுத்தது 2001-இல் வந்த கதைகளில்.

இனி உங்கள் பையன். தீவிபத்தில் அவன் வெறுமனே இழக்கிறான். இழப்பதற்கு முன்னால் அவனுக்கு என்ன தெரியும் என்று உங்கள் கதை சொல்லவில்லை. அதனால் பயிற்சிக் காட்சி நீள்கிறது, பையன் யாரோவாக நிற்கிறான். அப்பாவை எலக்ட்ரீஷியனாக்கிப் பாருங்கள். ஒன்பது வயதிலிருந்து கூரைக்குள் ஊர்ந்து அவருக்கு ஒயர் இழுத்துக்கொடுத்த பையன், இடுக்கு, இருட்டு, உயரம் மூன்றும் பழகியவன். பயிற்சிக்கு நான்கு கட்டங்கள் போதும். தீக்குக் காரணம் மின்கசிவு என்று போலீஸ் எழுதி மூடட்டும். அன்று மாலை வேலைக்காகக் கடையின் மெயினை நிறுத்தியவனே இந்தப் பையன் என்று வையுங்கள். அப்பா சொன்னபடி பிடுங்கிய பீங்கான் ஃபியூஸ் இன்னும் அவன் கால்சட்டைப் பையில் இருக்கிறது. மின்சாரமே இல்லாத கடையில் மின்கசிவு கிடையாது என்பது அந்த ஊரில் அவனுக்கும், தீ வைத்தவனுக்கும் மட்டுமே தெரியும். நாயகன் அவனிடம் வந்து பேசும் முதல் கட்டத்தில், பையனின் கை அந்தப் பைக்குள் இருக்கட்டும்.