இரைப்பை அறுவை சிகிச்சையால் முழங்கால் வலி தீருமா?

கேள்வி: என் வயது 54, எடை 98 கிலோ, உயரம் 156 செ.மீ. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் இருக்கிறது. மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாகத்தான் இறங்குகிறேன். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டால் மூட்டு மாற்று சிகிச்சையைத் தவிர்க்கலாமா, டாக்டர்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தேய்ந்துபோன குருத்தெலும்பு, எடை குறைவதால் மறுபடி வளர்ந்துவிடாது. ஆனால் வலியும் நடையும் எக்ஸ்ரே படத்தை மட்டும் பொறுத்தவை அல்ல. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று, உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் மெலிந்த முதியவர்களிடம் அளந்து 2005-இல் வெளியிட்டார்கள். அந்தக் கணக்குப்படி நீங்கள் 25 கிலோ குறைந்தால், அடிக்கு 100 கிலோ சுமை இறங்கும். கொழுப்புத் திசு சுரக்கும் அழற்சிப் பொருள்களும் குறைவதால், மூட்டுக்கு இரட்டை ஆதாயம்.

மூட்டு மாற்றுக்குக் காத்திருந்தவர்களில் 41 பேருக்கு, முதலில் இரைப்பையில் பட்டை பொருத்தி எடையைக் குறைத்துப் பார்த்தார்கள், ஆஸ்திரேலிய மருத்துவர்கள். அவர்களில் 12 பேர், வலி குறைந்துவிட்டதால் மூட்டு மாற்றே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்களையும் மறந்துவிடாதீர்கள், கால் வளையும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மூட்டு மாற்று பிறகும் தேவைப்படலாம்.

எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறைக் குறியீட்டெண் (BMI) உங்களுக்குச் சுமார் 40. 35-ஐத் தாண்டினாலே இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்பது 2022-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் என்பதால், நீங்கள் தாராளமாக ஆலோசனை கேட்கலாம்.

பலரும் கோட்டைவிடுவது தசை விஷயத்தில்தான். அறுவை சிகிச்சைக்குப் பின் சாப்பாடு சில கரண்டிகளாகச் சுருங்குவதால், கொழுப்போடு தொடைத் தசையும் கரைகிறது; முழங்காலைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தசைதான். எடை இறங்கியும் நாற்காலியிலிருந்து கையூன்றித்தான் எழுகிறேன் என்பவர்களிடம் பெரும்பாலும் இந்தப் பலவீனத்தைத்தான் காண்கிறேன். ஆகவே, அறுவைக்கு முன்பே பிசியோதெரபிஸ்டிடம் தொடைப் பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு புரதத்தையும், மருத்துவர் எழுதித்தரும் கால்சியம், வைட்டமின் டி, பி12, இரும்புச் சத்து மாத்திரைகளையும் விடாதீர்கள்.

மூட்டு வலிக்காக இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் அறுவை நிபுணரிடம் சொல்லுங்கள். இபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை, குறிப்பாக இரைப்பையைச் சிறிதாக்கி நேராகக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறைக்குப் பின், குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கக்கூடும். கடையில் தானாக வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்திவிடுங்கள்.