பிளாஸ்மாவின் கொந்தளிப்பை நுண்ணலையால் அளப்பது எப்படி? கொங்கு நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

அணுக்கரு இணைவு உலைகளுக்கான அளவீட்டுக் கருவிகள் என் துறை. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பெருந்துறை, பொறியியல் மாணவி: பிளாஸ்மாவில் கொந்தளிப்பு இருந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது, ஐயா?

வெப்பம் தங்காது, அம்மணி. பிளாஸ்மா என்பது எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த சூடான வாயு. பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் என்ற இணைவு உலையின் இலக்கு 15 கோடி டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டைக் காந்தப்புலம்தான் சுவரில் படாமல் பிடித்து வைக்க வேண்டும். துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதால் மட்டும் வெப்பம் கசிந்தால் உலை கட்டுவது எளிதாகியிருக்கும். உண்மையில் பல மடங்கு கசிகிறது. பிளாஸ்மாவுக்குள் பிறக்கும் சிறு சுழல்கள் உள்ளிருக்கும் சூட்டை வெளியே கடத்திவிடுகின்றன. அவற்றை அளக்காமல் அடக்க வழியில்லை. அந்தச் சூட்டில் எந்த உணர்கருவியும் பிழைக்காது என்பதால் வெளியிலிருந்து அலையை அனுப்பித்தான் பார்க்க வேண்டும்.

திருப்பூர், துணி வணிகர்: அலையை அனுப்பினால் சுழலின் அளவு எப்படித் தெரியும்?

இன்று இரவே இதை நீங்கள் பார்த்துவிடலாம், அண்ணா. மெல்லிய துணி ஒன்றைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். விளக்கைச் சுற்றிச் சிலுவை வடிவில் ஒளிப்புள்ளிகள் விரியும். இழை நெருக்கமான துணியென்றால் புள்ளிகள் இன்னும் விலகி நிற்கும். நெசவு எவ்வளவு நுண்மையோ, ஒளி அவ்வளவு அகலமாகச் சிதறும்.

பிளாஸ்மாவில் எலக்ட்ரான் அடர்த்தியின் ஏற்ற இறக்கங்கள் அந்த இழைகளின் வேலையைச் செய்கின்றன. சிதறும் கோணத்தின் பாதிக்கு சைன் மதிப்பை எடுத்து, அதன் இருமடங்கால் நுண்ணலையின் அலைநீளத்தை வகுத்தால் ஏற்ற இறக்கத்தின் அலைநீளம் கிடைக்கும். 280 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அது 10 பாகையில் சிதறினால் நாம் காண்பது சுமார் 6 மில்லிமீட்டர் அமைப்பு. 20 பாகையானால் 3 மில்லிமீட்டர். ஆக, சிதறிய அலையைப் பெறும் வாங்கியை எந்தக் கோணத்தில் வைக்கிறோமோ அந்த அளவுச் சுழல் மட்டும் நமக்குப் பேசும். ஒரே வேளையில் பல அளவுகளைப் பார்க்க, பல கோணங்களில் வாங்கிகள் வேண்டும்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இயற்பியலாளர் மசுக்காட்டோ 1976-இல் இந்த முறையில் டோகமாக் (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் பிடித்து வைக்கும் வளைய வடிவக் கருவி) பிளாஸ்மாவின் நுண்கொந்தளிப்பைக் காட்டினார். அதே பிரின்ஸ்டனில், என்எஸ்டிஎக்ஸ் என்ற டோகமாக் கருவியில் 280 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கொண்டு எலக்ட்ரான்களின் வெப்பநிலை உள்ளிருந்து வெளியே சரிவதால் எழும் மிக நுண்ணிய கொந்தளிப்பை 2008-இல் வெளியிட்டதும் அவருடைய குழுதான்.

பொள்ளாச்சி, பள்ளி ஆசிரியர்: நுண்ணலை என்றால் பிளாஸ்மாவைச் சூடாக்கிவிடாதா?

கொந்தளிப்பை அளக்க அனுப்பும் திறன் பெரும்பாலும் ஒரு வாட்டைக்கூட எட்டாது. சூடாக்கும் கருவிகள் மெகாவாட் கணக்கில் ஊட்டுகின்றன.

கரூர்: லேசர் இருக்கும்போது நுண்ணலை எதற்கு?

லேசரும் பயன்பட்டிருக்கிறது. ஆனால் 10.6 மைக்ரான் அலைநீளமுள்ள கார்பன் டைஆக்சைடு லேசர், 6 மில்லிமீட்டர் அமைப்பில் பட்டால் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான் விலகும். மூலக் கற்றையிலிருந்து அதைப் பிரிப்பதே பெரும்பாடு. பிளாஸ்மாவின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று சொல்வது அதைவிடக் கடினம்.

அலைநீளத்தை மிகவும் கூட்டவும் முடியாது; கூட்டினால் அதிர்வெண் குறையும். கன மீட்டருக்கு 10²⁰ எலக்ட்ரான்கள் இருந்தால், மின்புலம் காந்தப்புலத்துக்கு இணையாக உள்ள அலை 90 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளே நுழையாமல் திரும்பிவிடும்.

இடத்தைக் குறிப்பதில்தான் இந்த முறையின் அழகு முழுதாகத் தெரிகிறது என்பேன். சுழல்கள் காந்தக் கோட்டின் திசையில் நீண்டும், அதற்குக் குறுக்கே குறுகியும் இருக்கும். அதனால் சிதறலும் ஏறக்குறையக் கோட்டுக்குச் செங்குத்தாகவே நடக்கும். கற்றை செல்லும் வழியில் காந்தக் கோடு வளைந்துகொண்டே போவதால், ஒரு சிறு பகுதியிலிருந்து வரும் சிதறல் மட்டுமே வாங்கியின் திசைக்குப் பொருந்தும். என்எஸ்டிஎக்ஸில் இந்த வளைவையே துணைகொண்டு சில சென்டிமீட்டர் அளவுக்கு இடத்தைச் சுருக்கினார்கள்.

நாமக்கல்: சுழல் நகரும் வேகம் கிடைக்குமா?

கிடைக்கும், டாப்ளர் பெயர்ச்சியிலிருந்து. நகரும் அமைப்பில் சிதறும் அலையின் அதிர்வெண் சற்று மாறுவதுதான் அது. 6 மில்லிமீட்டர் அமைப்பு நொடிக்கு 5 கிலோமீட்டர் நகர்ந்தால் பெயர்ச்சி சுமார் 830 கிலோஹெர்ட்ஸ். இது 280 கிகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் மூன்று பங்கு. இன்னொரு அலையோடு கலந்து அதிர்வெண்ணைக் கீழே இறக்கிய பின் இதை எளிதாகப் பிரிக்கலாம்.

1982-இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் டோகமாக்கில் இயற்பியலாளர் வாக்னர் கண்ட உயர் அடைப்பு நிலையில் (வெப்பம் வழக்கத்தைவிட நன்றாகத் தங்கும் நிலை) பிளாஸ்மாவின் விளிம்பில் கொந்தளிப்பு சட்டென்று அடங்கும். அடுத்தடுத்த அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓடிச் சுழல்களைக் கிழிப்பதே இதற்கு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. வேகத்தை அளப்பதற்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சிதறல் காட்டுவது அடர்த்தியின் ஏற்ற இறக்கம் மட்டுமே. எவ்வளவு வெப்பம் கசிகிறது என்று அது நேரடியாகச் சொல்லாது. கொந்தளிப்பின் கணினிப் போலச்செய்தலை இதே கருவியின் கண் வழியாகப் பார்ப்பதுபோல் மாற்றி, அதையும் அளவீட்டையும் ஒப்பிட வேண்டும். அதைச் செய்யாமல் வரைபடத்தை மட்டும் காட்டும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

கோவை கணபதி, பட்டறை உரிமையாளர்: எங்கள் ஊர்ப் பட்டறைகளுக்கு இதில் வேலை உண்டா?

நிச்சயம் உண்டு. கற்றையைக் குவிக்கும் உலோக ஆடிகளும் கூம்பு ஆன்டெனாக்களும் கடைசல் வேலைதான். ஒரு மில்லிமீட்டர் அலைக்கு ஆடியின் வளைவு சுமார் 50 மைக்ரானுக்குள் சரியாக இருந்தால் போதும். நல்ல சிஎன்சி இயந்திரம் அதை எட்டிவிடும். கூம்பின் உட்புற வரிப்பள்ளங்கள்தான் சோதனை. 1989-இலிருந்து ஆதித்யா டோகமாக் இயங்கிய பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் குஜராத்தின் காந்திநகரில் இருக்கிறது. முதலில் ஓர் ஆடியைச் செய்து, அதன் பரப்பை அளந்த முடிவையும் சேர்த்து அவர்களிடம் காட்டுங்கள்.