வடித்த ஒயிலின் நிறம்

கேள்வி: புதுக்குடியிருப்பில் வசிக்கிறேன். 11 ஆண்டுகளாக என்னிடம் ஒரு பழைய டொயோட்டா கொரொல்லா கார் இருக்கிறது. இரண்டு மாதமாக இஞ்சின் சூடேறி, ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்து, வெள்ளைப் புகை வருகிறது. இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடியிலுள்ள பிளொக்குக்கும் இடையில் இருக்கும் ஹெட் காஸ்கட் தகடு போய்விட்டது என்கிறார் ஒரு மெக்கானிக். இஞ்சினையே மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். ஹயர் ஓட்டுவதற்காக ஒட்டுசுட்டானைச் சேர்ந்த ஒருவர் கேட்கிறார். புறோக்கர் சொன்னபடி போன ஞாயிறு ஒயிலை மட்டும் மாற்றினேன். கராஜ் வேலை பழக விரும்பும் என் மகன் வடியும் ஒயிலுக்குச் சட்டி பிடித்தான். திருத்துவதா, விற்பதா?

பதில்: இஞ்சினைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், ஒயில் மாற்றியதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். காஸ்கட் போன இஞ்சினில் தண்ணீர் உள்ளே இறங்கினால் ஒயில் பால் விட்ட தேநீர் போல வெளுத்துவிடும் என்பதும், வாங்க வருபவர் மூடியைத் திறந்து தேடுவது அந்த நிறத்தைத்தான் என்பதும் உங்கள் புறோக்கருக்கு நன்றாகவே தெரியும். திருத்த நினைப்பவர் ஹெட்டைக் கழற்றி வேலை முடித்துப் பூட்டிய பிறகே புது ஒயில் விடுவார். நீங்கள் எதையும் கழற்றாமலே விட்டிருக்கிறீர்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமையே முடிவெடுத்துவிட்டு, இப்போது அதற்கு என் சம்மதத்தைக் கேட்கிறீர்கள். அது கிடைக்காது.

சட்டி பிடிக்கப் பிள்ளையை ஏன் ஐயா அழைத்தீர்கள்? தொழில் பழக ஆசைப்படும் மகனுக்குத் தகப்பன் காட்டிக் கொடுத்த முதல் வேலை, பழுதை மறைக்கும் வேலையாகிவிட்டது. 2009இல் உடுத்த உடையோடு வெளியேறி, திரும்பி வந்து வெறுங்கையோடு தொடங்கிய ஊர்களில், பிள்ளைக்குச் சொத்துச் சேர்க்க முடியாத தகப்பனை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் வடித்த ஒயிலின் நிறத்தைப் பார்த்த பிள்ளை அதை வெளியே சொல்லக்கூடாது என்று விளங்கிக்கொள்ளும்படி நடந்துகொள்ளும் தகப்பனைக் கண்டிக்காமல் விடவும் மாட்டேன்.

வாங்குபவரின் நிலை என்ன? தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தால் புது ஒயிலும் வெளுத்து, வழவழப்பு இழந்து, இஞ்சினின் சுழலும் பாகத்தைத் தாங்கும் பெயரிங்கைத் தின்றுவிடும். கிளிநொச்சி வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு மாங்குளத்தில் ஏ-9 வீதியில் ஏறுபவர், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தும் இடத்தில் புகைக்கு நடுவே நிற்பார். நோயாளி வீதியோரத்தில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டுவார்.

என்னைக் கேட்டால், திருத்துங்கள். முதலில் காரை ஓட்டுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை சூடேறும்போதும் ஹெட் மேலும் வளையக்கூடும். மெக்கானிக்குகள் வாயால் சொன்னதை வைத்துச் செலவு செய்யாமல், சிலிண்டர்களின் அழுத்தத்தை, அதாவது கொம்ப்ரெஷனைப் பார்த்து, ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்து, அது வளைந்திருக்கிறதா, வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பியுங்கள். வளைவு சிறிதென்றால் சீவி, புதுக் காஸ்கட் போட்டால் போதும். பிளொக் வெடித்திருந்தாலோ பெயரிங் அடிபட்டிருந்தாலோதான் இஞ்சின் மாற்றும் பேச்சு வரவேண்டும். சூடேறியதன் காரணத்தையும் தேடுங்கள். உவர்த்தன்மையுள்ள கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்திருந்தால் ரேடியேற்றருக்குள் படிவு கட்டியிருக்கும், அதைச் சுத்தம் செய்யாமல் போடும் காஸ்கட்டும் நிலைக்காது. ஒழுக்கை அடைக்கும் மருந்தை ஊற்றச் சொல்லியும் புறோக்கர் வருவார். அது ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

செலவு கையை மீறினால் விற்கலாம், பழுதைச் சொல்லி. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. வரியோடு புது வாகனம் வாங்க முடியாதவர்கள் இருக்கும்வரை பழைய கொரொல்லாவைப் பழுதோடும் வாங்க ஆள் வரும், விலைதான் குறையும்.

இன்றைக்கே ஒட்டுசுட்டான்காரருக்குத் தொலைபேசி எடுத்து, வடித்த ஒயில் என்ன நிறத்தில் இருந்தது என்பதைச் சொல்லுங்கள். மகனும் பக்கத்தில் இருக்கட்டும்.